யாராவது கதவை இழுத்துப் பார்த்தீர்களா?

டேன்விக்,
ஆகஸ்ட் 9.

கடலுக்கு நடுவே ஒரு தீவு ஆஸ்பத்திரியில் ஊசியும் கையுமாக உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் என் அருமை மருமகள் பிரிட்டாவுக்கு, மூன்று கவுண்டிகளில் நிகரற்ற ஏலக்காரனும், டேன்விக் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டங்களின் முன்னாள் ஒலிபெருக்கியும், உன் ஒரே தாய்மாமனுமாகிய வெர்லின் ஸ்கோவ் ஆசியோடு எழுதுவது.

இங்கே உடம்பளவில் அனைவரும் நலம். மழைதான் இல்லை. போன வாரம் ஒரே ஒரு துளி விழுந்தது. அது யார் நிலத்தில் விழுந்தது என்ற தகராறில் இரண்டு பேர் இன்னும் பேசிக்கொள்வதில்லை. காற்றுக்குக் குறைவில்லை. செவ்வாய்க்கிழமை என் தொப்பி பறந்து போனது. வியாழக்கிழமை பக்கத்து மாநிலத்திலிருந்து வேறு யாருடைய தொப்பியோ வந்து சேர்ந்தது. அளவு சரியாகத்தான் இருக்கிறது.

இந்த வருடம் சோளத்தைவிட நன்றாக முளைத்திருப்பவை பலகைகள். தீவனக் கடை கேலன் பிரிபில் அச்சடித்து, மாட்டுத் தீவன மூட்டையோடு ஆளுக்கொன்று இலவசமாகக் கொடுக்கிறான். சிவப்பு எழுத்து. "நீதிபதி லோர்னா ஸ்கோவ் வேண்டாம்." உன் அம்மா பெயரை இவ்வளவு பெரிதாக நான் இதுவரை எங்கும் பார்த்ததில்லை. அதற்காகவாவது கேலனுக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

உன் தீவு நண்பர்களிடம் சொல்லிப் பார், நம்ப மாட்டார்கள். எதிரில் ஆளே நிற்காத தேர்தல். நம் மாநில உச்ச நீதிமன்றத்து நீதிபதி ஒருவர் அந்த நாற்காலியில் இன்னும் ஆறு வருடம் உட்காரலாமா என்று நம் மாவட்டத்து ஜனங்களைக் கேட்பார்கள். ஆம், இல்லை, இரண்டே கட்டம். போன முறை உன் அம்மா வந்தாளா போனாளா என்றுகூட யாரும் கவனிக்காமல் எல்லோரும் ஆம் போட்டுவிட்டு ஆப்பிள் பை தின்னப் போனார்கள். இந்த நவம்பரில் அவள் ஆளே இல்லாத ஓர் எதிராளியிடம் தோற்கப் போகிறாள் போலிருக்கிறது. ஸ்கோவ் வம்சத்தில் இதுவும் ஒரு சாதனை.

நீ மே மாதம் தீர்ப்பு வந்த அன்று அவளைப் போனில் கூப்பிட்டாய் என்று தெரியும். என்ன சொன்னாய் என்று அவள் எனக்குச் சொல்லவில்லை. தன் ஸ்கூலை மூடவைத்தது தன் அம்மாவின் கையெழுத்து என்று கேட்டால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும். ஆனால் நீ கேட்டது பாதிக் கதை. மீதியை அவள் சொல்ல மாட்டாள். வழக்கைப் பற்றி நீதிபதி வெளியே பேசக் கூடாது. பேசலாம் என்றாலும் அவள் பேசுகிற ஜாதி இல்லை. ஆகவே இந்தச் சபையில் நானே எழுந்து நிற்கிறேன்.

ஸ்கூலை மூடிப் பக்கத்து ஊரோடு சேர்க்கச் சொல்லி மாநிலக் கல்வி வாரியம் உத்தரவு போட்டது. அதை எதிர்த்து மனுப் போட நமக்குக் கெடு இருந்தது. கெடுவின் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. எந்த வெள்ளிக்கிழமை? நம் பெண்கள் அணி மாநிலப் போட்டிக்குத் தலைநகர் போன வெள்ளிக்கிழமை. ஊரில் இருக்கும் ஒரே வக்கீல் டெல்மர் பெட்ஸ்கா. அணியின் பஸ்ஸை ஓட்டுகிறவனும் அவனே. மனுவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு பஸ்ஸை எடுத்தான். அவனை யாரும் கேட்கவில்லை. நானும் அந்த பஸ்ஸில்தான் இருந்தேன். நம் ஊர் போட்டிக்குப் போகிற அன்றைக்கு கவுண்டி கோர்ட்டு மத்தியானத்தோடு பூட்டிவிடும், கதவில் "ஆட்டத்துக்குப் போயிருக்கிறோம்" என்று காகிதம் தொங்கும் என்பது உனக்கே தெரியும். நீ ஆடிய காலத்தில் நீதிபதியே முகத்தில் சாயம் பூசிக்கொண்டு வருவார். பூட்டிய கோர்ட்டில் யார் மனு வாங்குவார்கள்? திங்கட்கிழமை காலையில் கொடுத்தான்.

ஆனால் அந்த வருடம் கோர்ட்டில் புதிதாக ஒரு பெண் குமாஸ்தா வந்திருந்தாள், மரிசோல் இபார்ரா என்று. தெற்கிலிருந்து வந்தவள். நம் வழக்கம் அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. எல்லோரும் ஆட்டத்துக்குப் போய்விட, அவள் மட்டும் மத்தியானச் சாப்பாட்டை மேசையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. ஊரே காலி. ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏழு பேரில் யார் தீர்ப்பு எழுதுவது என்று அங்கே சீட்டுக் குலுக்குவார்கள். சீட்டு உன் அம்மாவுக்கு விழுந்தது. ஊரே துள்ளியது. "நம்ம லோர்னாடா! நம்ம ஸ்கூல்ல படிச்சவ, நம்ம டீம்ல ஆடினவ, விட்டுக்குடுப்பாளா?" என்று கேலன் கடையில் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தான். நான் அவளிடம், பேசாமல் ஒதுங்கிவிடேன் என்றேன். "எங்க ஊர் வழக்குன்னு ஒதுங்கினா அப்புறம் நான் எந்த ஊருக்குடா ஜட்ஜ்?" என்றாள்.

விசாரணைக்கு நானும் போயிருந்தேன். ஒரு மணி நேரம் வாயை மூடி உட்கார்ந்தேன். மருத்துவ வரலாற்றில் எழுதிவைக்க வேண்டிய விஷயம். டெல்மர் நன்றாகவே பேசினான். ஊர் வழக்கம், காலங்காலமாகப் பூட்டுகிற கதவு, எல்லாம் சொன்னான். உன் அம்மா கடைசி வரை பேசவே இல்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஒரே கேள்வி கேட்டாள்: "மிஸ்டர் பெட்ஸ்கா, அன்னிக்கு யாராவது கதவை இழுத்துப் பாத்தீங்களா?"

டெல்மர் தண்ணீர் குடித்தான். "இல்லீங்க, நீதிபதி அவர்களே" என்றான்.

ஏழு பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள்: கெடு தாண்டிய மனுவைக் கேட்க எங்களுக்கு அதிகாரமே இல்லை. ஏழு பேர் சொன்னாலும் தீர்ப்பின் தலைப்பில் இருக்கும் பெயர் ஒன்றுதான்.

உனக்கும் தபாலில் ஓட்டுச்சீட்டு வரும். எதைப் போடு என்று நான் சொல்லப்போவதில்லை. சீட்டைக் கொசு அடிக்கப் பயன்படுத்தாமல் இருந்தால் சரி.

தலைக்குத் தொப்பி போட்டுக்கொள். வேண்டுமானால் என்னிடம் ஒன்று அதிகமாக இருக்கிறது.

அன்பு மாமா,
வெர்லின்


டேன்விக்,
செப்டம்பர் 28.

உப்புக் காற்றில் ஊறிக்கொண்டிருக்கும் மருமகளுக்கு, உன்னிடமிருந்து ஒரு வரிகூட வராததால் முன்னிலும் உரிமையோடு மாமா எழுதுவது.

உன் அம்மா சனி ஞாயிறுகளில் தலைநகரிலிருந்து வழக்கம்போல ஊருக்கு வருகிறாள். வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நான் நினைப்பதை அவளிடம் சொல்லவில்லை. போன சனிக்கிழமை வந்து பார்த்தால் அவள் வீட்டுப் புல்வெளியிலேயே நட்ட நடுவில் ஒரு சிவப்புப் பலகை. நான் பிடுங்கப் போனேன். "கை வைக்காதே. அடுத்தவன் பொருள்" என்றாள். பிறகு புல்வெட்டும் வண்டியை எடுத்து, அந்தப் பலகையைச் சுற்றி வட்டமாக, ஒரு புல் பாக்கி இல்லாமல் வெட்டினாள். தெருவில் இருபுறமும் ஜன்னல் திரைகள் அசைந்தன. அவளை வேண்டாம் என்று சொல்லும் பலகையை இவ்வளவு அழகாக இந்த உலகத்தில் யாரும் பராமரித்திருக்க மாட்டார்கள்.

நான் கேட்டேன், ஒரு கூட்டம் போட்டு உனக்காகப் பேசட்டுமா என்று. என் குரல் உயர்ந்தால் அடுத்த கவுண்டியில் மாடு தானாக விலை சொல்லும் என்பது உலகறிந்த உண்மை. அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு. "எனக்கு ரெண்டு ஓட்டு மிச்சம் இருக்கு வெர்லின். நீ மைக்கை எடுத்தா அதுவும் போயிடும்" என்றாள். பிறகு, "எழுதினது அங்க இருக்கு. படிக்கிறவங்க படிக்கட்டும்" என்றாள்.

யார் படிக்கிறார்கள்? பலகையில் நான்கே வார்த்தை. தீர்ப்பில் இருபது பக்கம்.

ஞாயிறன்று சர்ச்சில் காபி குடிக்கும்போது அவள் மேசையில் யாரும் உட்காரவில்லை. அவளோடு சேர்ந்து படித்தவர்கள், அவள் பந்தை பாஸ் கொடுக்கக் கூடையில் போட்டவர்கள். நாற்காலி போதவில்லை என்று சுவரோரம் நின்றார்கள், அவள் மேசையில் நாற்காலிகள் காலியாக இருக்க. மரிசோல்தான் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவளோடும் யாரும் பேசுவதில்லை. வெளியே வரும்போது அவள் என்னை நிறுத்தி, "நான் அன்னிக்குக் கதவை மூடியிருக்கணுமா சார்? எனக்கு யாருமே சொல்லலியே" என்றாள். எதற்கும் பதில் வைத்திருக்கும் மகா ஏலக்காரன் வெர்லின் ஸ்கோவ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தான். அதுவும் என் தொப்பி இல்லை.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தால் என் கால் தானாக ஸ்கூலை நோக்கிப் போகிறது. உள்ளே விளக்கு இல்லை. என் வாழ்க்கையில் என்னை யாரும் நிறுத்தச் சொல்லாமல் பேசவிட்ட இடம் அந்த மைக் ஒன்றுதான். பலகை வைக்கிறவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று நினைக்காதே. என் வீட்டு முன்னால் நான் எதுவும் வைக்கவில்லை, ஆம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. நான் எந்தக் கட்டத்தில் குறி போடப் போகிறேன் என்று உன் அம்மா கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

அடுத்த மாதம் ஸ்கூல் சாமான்களை ஏலம் விடுகிறார்கள். மேசை, நாற்காலி, மணி, ஆட்டப் புள்ளிப் பலகை, எல்லாம். யார் ஏலம் விடுவது? மூன்று கவுண்டிகளில் நிகரற்றவன் யார்? அவனேதான். மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். ஆனால் வேறு ஊர்க்காரன் ஒருவன் வந்து அந்த மேசைகளை வாய்க்கு வந்த விலைக்குத் தள்ளிவிடுவதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். இரண்டு வரி எழுதினால் உன் தீவு மூழ்கிவிடாது.

மாமா


டேன்விக்,
அக்டோபர் 20.

அன்புள்ள பிரிட்டாவுக்கு மாமா எழுதுவது.

இந்தக் கடிதத்தில் பட்டங்களைக் காணோமே என்று தேடாதே. தொண்டை சரியில்லை. நேற்றுதான் ஏலம்.

ஆட்டக்கூடத்திலேயே நடந்தது. ஊர் முழுக்க வந்திருந்தது. பக்கத்து ஊர்களிலிருந்தும் டிரெய்லரும் டிரக்குமாக. வாங்க வந்தவர்கள் பாதி, அழ வந்தவர்கள் பாதி. நான் என் பழைய மைக் முன்னால் நின்றேன். ஒன்றாம் வகுப்பு மேசைகள் போயின. டெல்மர் பள்ளி மணியை வாங்கினான். அதை வைத்து என்ன செய்யப் போகிறான் என்று யாரும் கேட்கவில்லை. அவனும் யாரையும் பார்க்கவில்லை.

நடுவில் உன் அம்மா வந்தாள். பின் கதவருகே கோட்டுப் பையில் கைவிட்டு நின்றாள். அவளைச் சுற்றி ஆறு பேர் நிற்கும் அளவுக்கு இடம் தானாகக் காலியானது. "வந்துட்டாய்யா, மிச்சம் மீதி ஏதும் இருக்கான்னு பாக்க" என்று கேலன் சத்தமாகவே சொன்னான். சிலர் சிரித்தார்கள். அவள் திரும்பவில்லை.

பிறகு அந்தச் சட்டகம் வந்தது. உனக்குத் தெரியுமே, சுவரில் மாட்டியிருந்த அந்தக் கண்ணாடிச் சட்டகம். இடப்பக்கம் அவள் ஜெர்சி, வலப்பக்கம் உன் ஜெர்சி. இரண்டிலும் ஒரே எண். அவள் அதற்காகத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் ஆரம்ப விலை சொன்னேன். கேலன் கையைத் தூக்கினான். எதற்கு? அவளுக்குக் கிடைக்காமல் இருப்பதற்கு. வேறு யாரும் தூக்கவில்லை. நான் அவளைப் பார்த்தேன். ஏலக்காரன் அப்படிப் பார்க்கக் கூடாது, ஆனாலும் பார்த்தேன். நீட்டி நீட்டிக் கூவினேன். ஒரு முறை. கோட்டுப் பையிலிருந்து கை வரவில்லை. இரண்டு முறை. பிரிட்டா, என் வாழ்க்கையிலேயே மிக மெதுவாகச் சொன்ன இரண்டு முறை அது. அதற்குள் ஒரு மாடு கன்று போட்டுப் பால் கறந்திருக்கலாம். மூன்று முறை. சுத்தியல் விழுந்தது.

விழுந்த பிறகு அவள் கை மேலே வந்தது.

ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருக்கும். அவ்வளவுதான் பிந்தியது. கூடம் முழுக்க அதைப் பார்த்தது. எல்லாத் தலையும் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, அப்படியே என்னைப் பார்த்துத் திரும்பியது. எனக்குத் தெரியும், அவர்கள் எதற்குக் காத்திருந்தார்கள் என்று. சுத்தியலைத் தூக்கி, 'மன்னிக்கணும், பின்னால ஒரு கையைக் கவனிக்கல' என்று சொன்னால் போதும். மேடையில் நிற்பவன் தம்பி. யாரும் என்னைத் தூக்கில் போட மாட்டார்கள். கேலன்கூட முறைத்துவிட்டுப் போயிருப்பான்.

மைக்கில் என் மூச்சுதான் கேட்டது. அப்புறம் நான், "விழுந்துடுச்சுக்கா. கேலனுக்கு" என்றேன்.

அவள் ஒரு முறை தலையை ஆட்டினாள். கோபம் இல்லை. சின்ன வயசில் நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட அன்றைக்கு ஆட்டினாளே, அதே தலையாட்டல்.

கேலன் சட்டகத்தை வாங்கக்கூட எழுந்து வரவில்லை. அப்போது டெல்மர், கையில் அந்த மணியோடு எழுந்து நின்றான். அவன் நகர்ந்தபோதெல்லாம் மணி கிணுங்கியது. "கதவு தொறந்துதான்யா இருந்துச்சு" என்றான். யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. "மனு பஸ்லதான் இருந்துச்சு, என் சீட்டுக்குக் கீழ. கோர்ட்டு வழியாத்தான் வண்டியை ஓட்டிட்டுப் போனேன். இறங்கி ஒரு தடவை இழுத்துப் பாத்திருந்தா போதும். நீங்கல்லாம் பாட்டுப் பாடிட்டிருந்தீங்க, நானும் பாடினேன். அஞ்சு மாசமா அவ பேரைப் போட்டுப் பலகை நட்டுட்டிருக்கோம். அவ ஒரு வார்த்தை என்னைச் சொல்லல." பிறகு மரிசோல் நின்ற பக்கம் திரும்பி, "நீ கதவை மூடாதது தப்பில்லம்மா" என்றான். மணி கிணுங்கக் கிணுங்க வெளியே போனான்.

ஏலத்தை நான் எப்படி முடித்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. நாற்காலிகள் எல்லாம் போய்விட்டன என்று மட்டும் தெரியும்.

பிறகு அவள் வண்டியருகே போய் நின்றேன். ஏன் அக்கா கையை முன்னாடியே தூக்கல என்று கேட்டேன். நீ இத்தனை வருடமாக நொடியில் தீர்ப்புச் சொல்கிறவள், ஒரு கையைத் தூக்க இவ்வளவு நேரமா என்றேன். அவள் வண்டிச் சாவியைத் தேடுவதுபோல நின்றுகொண்டிருந்தாள். சாவி கையிலேயே இருந்தது. "என்னோடதை மட்டும்னா உடனே கேட்டிருப்பேன்டா" என்றாள். "பக்கத்துல பிரிட்டாவோடது இருக்கே. அதைக் கேக்க எனக்கு இன்னும் உரிமை இருக்கான்னு யோசிச்சுட்டேன்."

நான் இதற்கு ஒரு வேடிக்கையும் சேர்க்கவில்லை. அப்படியே எழுதியிருக்கிறேன்.

மாமா


டேன்விக்,
நவம்பர் 10.

பெரும் மதிப்புக்குரிய மருமகள் பிரிட்டாவுக்கு, தொண்டை திரும்பக் கிடைத்த மாமா வெர்லின் எழுதுவது.

நீ செய்தியில் பார்த்திருப்பாய். பார்க்கவில்லை என்றால் என்னிடமிருந்தே தெரிந்துகொள். தோற்றுவிட்டாள். ஆளே இல்லாத எதிராளி வெற்றி பெற்றார். மாவட்டம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கெடு தாண்டினால் தாண்டியதுதான் என்பதுபோல, ஒரு ஓட்டுக் குறைந்தாலும் குறைந்ததுதான். ஜனவரியில் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும்.

ஆனால் இதைக் கேள். நம் ஊர் எண்ணிக்கையை கோர்ட்டுக் கதவில் ஒட்டினார்கள். மரிசோல்தான் ஒட்டினாள். டேன்விக்கில் ஆம் ஜெயித்திருக்கிறது! ஸ்கூலைப் பறிகொடுத்த ஊரில்! ஏலத்தைக் கண்ணால் பார்த்த ஊரில் மட்டும். மற்ற ஊர்கள் பார்த்தது பலகையை. அன்று காலையில் காபிக் கடைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும் நீ. எல்லோரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். "நான் இல்லப்பா." "நானும் இல்ல." "அப்ப யாரு போட்டது, மாடா?" எண்ணிப் பார்த்தால் ஆம் போட்டவர்கள் பாதிக்கு மேல், ஒத்துக்கொண்டவன் டெல்மர் ஒருவன். என்னைக் கேட்டார்கள். என் ஓட்டு என் உரிமை என்று சட்டத்தை எடுத்துச் சொல்லிவிட்டு முட்டையைத் தின்றேன். என் சுத்தியலை எந்த நியாயத்தில் போட்டேனோ, அதே நியாயத்தில்தான் ஆம் கட்டத்தில் குறியும் போட்டேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன்.

கேலன் பலகைகளை எல்லாம் சேகரித்துக் கடைப் பின்னால் அடுக்கிவிட்டான். அந்தச் சட்டகம் அவன் கடைச் சுவரில் தொங்குகிறது. விலைக்குக் கொடு என்று நான் போனேன். "உங்கிட்ட விக்க மாட்டேன்" என்றான். சரி, என் அக்காவிடம் என்றேன். "அவ வந்து கேக்க மாட்டா, எனக்குத் தெரியும்" என்று மூட்டை தைக்கும் ஊசியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்தப் பொண்ணு வந்து கேட்டா சும்மாவே குடுப்பேன்னு சொல்லு." கேலனின் ஊரில் மன்னிப்பு என்பது இந்த வடிவில்தான் கிடைக்கும். வாங்கிக்கொள்ள வேண்டியவள் பசிபிக் சமுத்திரத்தில் இருக்கிறாள்.

உன் அம்மா அழவில்லை. அறையைக் காலி செய்ய நானும் கூடப் போனேன். சட்டப் புத்தகங்களைத் தூக்கித் தூக்கி என் முதுகு இப்போது மற்றொரு மனிதனுடையதாகிவிட்டது. அடுத்து வருகிற நீதிபதிக்கு மேசை இழுப்பறையில் நல்ல பேனாக்களை எல்லாம் வைத்துவிட்டு, எழுதாததை மட்டும் எடுத்துக்கொண்டாள். வழியெல்லாம் நான்தான் பேசினேன். இனிமேல் நீ எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், யாரும் தடுக்க முடியாது, முதலில் என்ன பேசப் போகிறாய் என்று கேட்டேன். கேலனைத் திட்டுவாள் என்று ஆசையோடு காத்திருந்தேன். வண்டி பாலத்தைத் தாண்டியது. அப்புறம், "பிரிட்டாகிட்டேருந்து உனக்கு ஏதாச்சும் வந்துச்சா?" என்றாள்.

வரவில்லை என்றேன். பொய் சொல்லத் தெரிந்தவன்தான் நான், அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவளைப் போனில் கூப்பிடுவேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுக்கிறாள். என் குரல் கேட்டதும், "ஓ, நீயா" என்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் அதே அவசரம், அதே "ஓ, நீயா". இவ்வளவு புகழ் பெற்ற குரலுக்கு இப்படி ஒரு வரவேற்பு உலகில் வேறெங்கும் கிடையாது. எனக்கு வருத்தமில்லை.

நீ அன்று போனில் என்ன சொன்னாயோ, அது எனக்குத் தெரியவும் வேண்டாம். இனி இந்தப் பக்கம் எதுவும் திறக்காது என்று நீ நினைத்திருக்கலாம். இந்த ஊரும் ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான் நினைத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே போனது. நான் சட்டம் படிக்காதவன், இதற்கு மேல் வாதாட மாட்டேன்.

உன் தீவில் அலைகள் அளவோடு அடிக்கட்டும். உன் ஊசி பட்ட குழந்தைகள் அழாமல் சிரிக்கட்டும். நீ எந்த வாசலில் போய் நின்றாலும் அது உனக்கு நல்ல வாசலாக இருக்கட்டும் என்று இந்தக் கிழட்டு மாமன் மனசார வாழ்த்துகிறேன். ஞாயிறு காலை உன் அம்மா வீட்டில்தான் இருப்பாள்.

இப்படிக்கு,
ஒலிபெருக்கி இல்லாமலும் உன்னை அழைக்கும் மாமா,
வெர்லின் ஸ்கோவ்